பயம் தெரியாத வெள்ளைக் குட்டி

என் வயதுக்காரர்களே, படியிறங்கும்போது உங்கள் முழங்காலும் முனகத் தொடங்கிவிட்டதா? முனகட்டும், அது கிடக்கட்டும். றப்பர் மலையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தத்தை ஞாபகப்படுத்துகிறேன். உச்சிவெயில். காற்று செத்துக் கிடக்கிறது. தலைக்கு மேலே எங்கோ ஒரு காய்ந்த காய் டப்பென்று வெடிக்கிறது. கொட்டை சருகில் விழுந்து, கொஞ்ச தூரம் ஓடி, நிற்கிறது. அந்தக் கொட்டையைப் பொறுக்கிக் கல்லில் பரபரவென்று தேய்த்து, சூடு ஆறுவதற்குள் பக்கத்தில் நிற்கிறவர் தொடையில் வைப்போமே. நீங்கள் வைத்தவர்கள். நான் வைக்கப்பட்டவள்.

காய் வெடிக்கிற காலம் முழுக்க என் தோள் இரண்டும் காதுவரை ஏறியே இருக்கும். அடுத்த காய் எப்போது என்று தெரியாதது வெடிப்பைவிட மோசம். இடிக்குப் பயம், லொறி ஹோர்னுக்குப் பயம், பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் திடீரென்று நின்றால் அந்த நிசப்தத்துக்குப் பயம். நாய்க்குப் பயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிடக்கும் நாய்கள் கொட்டாவி விட்டாலே நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

அந்த வருஷம் காய் வெடிக்கத் தொடங்குமுன்தான் எங்கள் வீட்டுக்குச் சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பிரா அத்தையைப் பொலங்கா கடித்தது. கண்ணாடி விரியனை எங்கள் பக்கத்தில் சிங்களவர் சொல்கிற மாதிரி பொலங்கா என்றுதான் சொல்வோம், அதுவும் பகலில். இருட்டிவிட்டால் அதற்குப் பெயர் பூச்சி. பெயரைச் சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும்.

அத்தையும் அம்மாவும் சோடியாகப் பால் வெட்டப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியுமாக மலையேறுவார்கள். வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும். அதனால் மனிதர்கள் இருட்டில் நடக்க வேண்டும். அன்று அம்மாதான் அத்தையை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். தோட்டத்து லொறியில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தை பிழைத்துத் திரும்பினாள். ஆனால் அந்த ஒரு கால் கருத்துச் சுருங்கி, வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தது போல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. வாசல் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் வாயால் கொத்துவாள்.

அம்மா தனியாகப் போனாள்.

இதுதான் அந்தக் காலம். வேறெல்லாம் இதைச் சுற்றி வளர்ந்த புல். அம்மாவின் கால் தரையில் படும் சத்தத்தில் நான் விழிப்பேன். விழித்ததைக் காட்டிக்கொள்ள மாட்டேன். அவள் தலையில் சாக்கைப் போர்த்துவது, டோர்ச்சைத் தட்டிப் பார்ப்பது, வாளியின் கைப்பிடி விழுந்து கிணுங்குவது. பிறகு அந்தக் கிணுங்கல் படியிறங்கி, தண்ணீர்க் கானைத் தாண்டி, மலைக்குள் போய் மெலிந்து, நான் கேட்கிறேனா நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியாத இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து அவள் திரும்பி வரும்வரை என் வயிற்றுக்குள் ஒரு பூச்சி சுருண்டு படுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதும் அது அங்கேதான். பகலில் பால் ஸ்டோருக்குப் போகும் பாதையில் அம்மாவின் முகத்தைக் கண்டபிறகுதான் அது அவிழும்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. றப்பர் ஷீட் உருட்டுகிற மெஷின், அப்புறம் புகை அறை. அவர் சட்டை எப்போதும் புளித்த பாலும் புகையுமாக மணக்கும். வெளியே சொல்ல மாட்டார், ஆனால் அவரும் பயந்துதான் போயிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அவருடைய பயம் யோசனையாக வெளியே வந்தது.

"உனக்கு முன்னால நடக்க ஒரு நாய் வேணும் புள்ள," என்றார் ஒருநாள் அம்மாவிடம்.

"லயத்துல கெடக்குதே, கூட்டிட்டுப் போகவா?"

"இதுகளா? சாம்பல்ல படுத்தா சனிக்கிழமதான் எந்திரிக்கும். டெரியர் வேணும்."

துரை பங்களாவில் ஒரு டெரியர் இருந்தது. குட்டையான, தாடி வைத்த, மண்ணைக் கண்டால் தோண்டுகிற பெட்டை நாய். பூப்பாத்தியில் புகுந்த பொலங்காவை அது கழுத்தைப் பிடித்து உதறியே கொன்றது என்று தோட்டம் முழுக்கக் கதை. கதை ஒவ்வொரு லயத்தைத் தாண்டும்போதும் பாம்பு ஒரு முழம் வளர்ந்தது. அந்த டெரியர் இப்போது குட்டி போட்டிருந்தது. அப்பா வேலை முடிந்ததும் பங்களாவின் பின்வாசலில் போய் நிற்கத் தொடங்கினார். பங்களா சமையல்காரர் ஒரு சிங்களவர். எல்லோருக்கும் அவர் அப்பு. அவருக்கு விறகு பிளந்து கொடுத்தார், பாக்கு கொண்டுபோய்க் கொடுத்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில் அப்பு, துரையிடம் கேட்டு, ஒரு குட்டி தருவதாகச் சொன்னார். பால்குடி மறக்கட்டும், பிறகு வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாங்கள் தயாரானோம். இப்படி ஒரு தயாரிப்பை எங்கள் காம்பிரா பிறகு என் தம்பி பிறக்கப்போகும்போதுகூடப் பார்க்கவில்லை. அப்பா ஸ்டோரில் ஓரம் கிழிந்த ஷீட்டிலிருந்து ஒரு கழுத்துப்பட்டை அறுத்துக் கொண்டுவந்தார். தேன் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். அம்மா ருவான்வெல்லை கடைத்தெருவில் ஒரு பித்தளை மணி வாங்கி அதில் கோர்த்தாள். மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் நாய் நடந்தால் போதும், வழி சரி என்று அவளுக்குத் தெரியும். அந்த மணி நெல்லிக்காய் அளவுதான். எங்கே போனது என்று பிறகு நான் தேடாத இடம் இல்லை. என் கனவில் மட்டும் அவ்வப்போது சரியாக இருக்கிறது.

எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை, சீட்டி அடிக்கப் பழகுவது.

"பேரச் சொல்லிக் கத்துனா மலையில கேக்காது. சீட்டின்னா அந்தப் பக்கத்து மலைக்கும் கேக்கும்," என்று அப்பா இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். நான் ஊதினேன். எச்சில்தான் வந்தது.

அத்தை இஸ்தோப்பிலிருந்து சிரித்தாள். "அடியே மருமகளே, பொம்பளப் புள்ள சீட்டி அடிச்சா என்னா வரும் தெரியுமா?"

"என்னா அத்த?"

"நாய் வரும்டி. வேற என்னா வரும்."

எத்தனை நாள் ஊதினேனோ, ஒரு சாயங்காலம் அது வந்தது. கூர்மையாக, என் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்ப முடியாமல், நானே காதைப் பொத்திக்கொண்டேன்.

குட்டி எடுக்கப் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கழுவிய சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் பால் வாளி, உள்ளே அம்மாவின் பழஞ்சேலை மெத்தை. இன்னொரு கையில் நான். பங்களா வேலி தெரிந்ததுமே என் கால் பின்னால் இழுத்தது. தாய் நாய் கட்டிப்போட்டிருந்தது. குட்டிகள் சமையலறைக்குப் பின்னால், விறகு அடுக்கின் நிழலில், ஒரு கயிற்று மிதியடியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நான்கு. மூன்றுக்கு முகத்திலும் முதுகிலும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டு. நான்காவது முழு வெள்ளை. காதுமடல், மூக்கு ஓரம், இமை எல்லாம் வெள்ளை. கண் மட்டும் சாம்பலில் நீலம் கலந்தது போல.

அப்பா என் கையை விட்டார். "இப்பப் பாரு," என்றார். வாளியை எடுத்து, குட்டிகளுக்குப் பின்னால் போய், இடுப்பில் செருகி வந்த அம்மாவின் பால் வெட்டும் கத்தியின் பிடியால் வாளியின் அடியில் ஓங்கி அடித்தார்.

நான் கத்திவிட்டேன். தாய் நாய் சங்கிலியை இழுத்துக் குரைத்தது. இரண்டு குட்டிகள் விறகுக்குள் பாய்ந்தன. ஒன்று, பழுப்புக் காது வைத்தது, எங்கே ஓடுவதென்று தெரியாமல் என்னிடம் ஓடிவந்து, என் இரண்டு பாதத்துக்கும் நடுவில் பதுங்கி, மூத்திரம் பெய்துவிட்டது. சூடாக. அதன் நெஞ்சு என் கணுக்காலில் அடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்தடவை ஒரு நாய் என்னைத் தொட்டபோது எனக்குப் பயமாக இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் போல இருந்தோம்.

வெள்ளைக் குட்டி மிதியடியைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

அப்பா இன்னொரு தடவை அடித்தார். இன்னும் பலமாக. அது ஒரு கயிற்றுத் துண்டைக் கடித்து இழுத்து, வெற்றியோடு குலுக்கியது.

"இதுதான்," என்றார் அப்பா. "பால் மலைக்குப் போற நாய்க்கு வாளிச் சத்தத்துல பயம் இருக்கக் கூடாது. சத்தத்துக்குப் பயப்படாதது பொலங்காவுக்கும் பயப்படாது. இதுதான் நம்ம குட்டி."

"அப்பா, இத எடுப்போம்பா," என்று நான் என் காலடியைக் காட்டினேன்.

"அந்தப் பயந்தாங்கொள்ளியவா? வீட்ல ஏற்கெனவே ஒன்னு இருக்கு. போதாதா?"

அப்பு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளையை அப்பா தூக்கியிருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சுது எக்க எபா தம்பி. அந்த வெள்ள வேணாம். கொஞ்சம் மோட, புத்தி மட்டு. கூப்பிட்டா வாறதில்ல."

"பரவால்ல அப்பு, பழக்கிக்குவோம்."

"வேற எடுங்க. இது மோட, நான் சொல்றேனே."

அப்பா சிரித்தார், வணங்கினார், வெள்ளையை விடவில்லை. வேலியைத் தாண்டியதும் என் காதில் சொன்னார்: "பாத்தியா? நல்லதத் தனக்கு ஒளிச்சு வைக்கப் பாக்குறாரு. மோடையாம்! நமக்குத் தெரியாதா?"

நமக்குத் தெரியாது. ஆனால் அன்று எனக்கும் அப்பா சொன்னதுதான் சரியாகப் பட்டது. ஏழைகளுக்கு நல்லதை யாராவது தானாகக் கொடுப்பார்களா?

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது வழி காட்டக் கூடாது. வழி தெரிந்தால் திரும்பி ஓடிவிடும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் செய்திருப்பீர்கள். அப்பா அதை வாளிக்குள் வைத்து, சேலைத் துண்டால் கண்ணைக் கட்டினார். அந்தக் கணம் அது அலறியது. குட்டி நாயின் முனகல் இல்லை. தகரத்தைக் கிழிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாத, மனிதக் குழந்தைக்கும் மிருகத்துக்கும் நடுவில் ஒரு சத்தம். வழி முழுக்க அலறியது. வாளியின் சுவரை நகத்தால் பிறாண்டியது. நான் "ச்சு ச்சு, ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று வாளிக்குள் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கோவம்," என்றார் அப்பா பெருமையோடு. "வீரன்ல, அதான்."

இன்று நினைத்துப் பார்க்கிறேன். கண் ஒன்றுதான் அதற்கு உலகம். அதையும் கட்டிவிட்டு, நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டு நடந்தோம்.

அதற்கு டைகர் என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயர் அதற்குக் கடைசிவரை தெரியாது.

என் சீட்டிக்கு அது வரவில்லை. நான் உதடு வீங்க ஊதுவேன். அது முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். தற்செயலாகத் திரும்பி என்னைக் கண்டால், உலகத்தில் என்னைவிட வேறு யாரும் இல்லை என்பது போல ஓடிவரும். "பங்களாத் திமிரு," என்றாள் அத்தை. "லயத்துச் சீட்டிக்கெல்லாம் வருமா? இங்கிலீசுல அடிச்சுப் பாருடி." படுக்கும்போது கதவுப் பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கும். யாராவது வாசலில் கால் வைத்தால், அவர் வாய் திறக்குமுன் எழுந்து நிற்கும். "எவ்ளோ கூர்மை பாரு!" என்பார் அப்பா. காய்கள் வெடித்தன. நான் துள்ளினேன். அது துள்ளவில்லை. நான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஒரு உடம்பு இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா? அதன் வெள்ளைக் காதைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் எனக்குக் கொடேன் என்று கேட்டிருக்கிறேன்.

தீபாவளி வந்தது. தீபாவளி கழிந்து குட்டியை மலைக்குக் கூட்டிப்போவது என்று பேச்சு. அது கால் நீண்டு, நெஞ்சு அகன்று, நல்ல இளவட்டமாகியிருந்தது. அன்று காலை மழை விட்டிருந்தது. லயத்து முற்றத்தில் பையன்கள் சரவெடியை விரித்தார்கள். முதல் வெடிக்கே லயத்து நாய்கள் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு றப்பருக்குள் ஓடின. ஒன்று எங்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்து அம்மாவின் பணியாரச் சட்டியைக் கவிழ்த்தது. நான் கதவுக்குப் பின்னால், இரண்டு காதிலும் விரல்.

டைகர் முற்றத்தின் நடுவில் நின்றது. பறக்கிற கடதாசித் துண்டுகளைத் துள்ளித் துள்ளிப் பிடித்தது. புகைக்குள் அதன் மணி ஆடியது.

"டேய் அங்க பாருடா! அசையுதா பாரு!"

"டெரியர்னா சும்மாவா!"

லயமே கைதட்டியது. அப்பா இடுப்பில் கை வைத்து நின்றார். அவரை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை. ஒரு பையன், போதையேறியது போல, பெரிய வெடி ஒன்றைப் பற்றவைத்து நாயின் பின்னங்காலுக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டான். வெடித்தது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் கண்ணை மூடித் திறந்தார்கள். அப்பாவும். வெடியைப் போட்டவனும்.

நாய் மூடவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் காது மடல் ஒரு ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட அசையவில்லை. பயமில்லாதவனும் கண் சிமிட்டுவான். பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த முற்றத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது எனக்கு மட்டும் தெரிந்தது. என் காதிலிருந்து விரலை எடுத்தேன்.

அதற்குக் காது கேட்காது.

வயிற்றுப் பூச்சி தலையைத் தூக்கியது. சொன்னால், அப்பா அதைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார். உதவாத நாய்களுக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அம்மா மறுபடி தனியாகப் போவாள். சொல்லாவிட்டால், அம்மா ஒரு செவிட்டு நாயை நம்பி, முன்னைவிடத் தைரியமாக, முன்னைவிட வேகமாக இருட்டில் காலை வைப்பாள். இரண்டு பக்கமும் ஒரே பாம்பு.

பொழுது சாயும்போது அம்மா பின்வாசலில் உட்கார்ந்து, விரலிடுக்கில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாயின் பெருமை பேசி, ஊர்வலம் போவது போல் லயம் லயமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் அம்மாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"அம்மா, டைகருக்குக் காது கேக்காதும்மா."

அவள் திரும்பவில்லை. உரித்த பாலை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, வாளியை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த நாயின் தலைக்கு மேல் ஒரு அடி அடித்தாள். நாய் தூங்கியது. அம்மா வாளியை மெதுவாக, சத்தம் கேட்டுவிடுமோ என்பது போல மெதுவாக, கீழே வைத்தாள்.

உங்களுக்குத் தெரியும், லயத்தில் இரண்டு காம்பிராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே திறந்த இடத்தில் புகையும் பேச்சும் தாராளமாகப் போய்வரும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"காது கேக்காட்டி என்னா மதினி? எம் புருசனுக்குக் கேக்குதா? முப்பது வருசமா வச்சுக் காப்பாத்தல?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பாதி அப்படித்தான்.

"மெதுவாப் பேசுங்க மதினி. இவங்க காதுல விழுந்தா நாய ஆத்துக்கு அந்தாண்ட கொண்டு போயிருவாங்க."

"சொல்லாத. எதுக்குச் சொல்ற?" அத்தையின் குரல் இறங்கியது. "அன்னைக்கு எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருந்துச்சு. அது சீறிச்சாம், நீ சொன்ன. எனக்குக் கேக்கல. வாளிச் சத்தத்துல என்னா கேக்கும்? பூச்சியக் காதால பாக்க முடியாது மதினி. இதுக்கு மூக்கு இருக்குல்ல?"

"மூக்கு இருக்கு. ஆனா கூப்பிட்டாத் திரும்பாதே. அது பாட்டுக்குப் போயி வாய வச்சிருச்சுன்னா?"

பிறகு அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய சைக்கிள் டியூப்பை இழுத்தாள். கத்தியை எடுத்து, அதை நீள நீளமாக வார் அறுக்கத் தொடங்கினாள். துண்டுகளை முடிச்சுப் போட்டு என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். "இழு," என்றாள். நான் இழுத்தேன். "கூப்பிட முடியாட்டி இழுத்துக்குவோம்."

"அப்பாகிட்ட?"

"அந்த மனுசன் எனக்காக அப்பு காலடியில வெறகு பொளந்து வாங்கிட்டு வந்தது. பயம் தெரியாத நாய்னு தூங்குறாரு. தூங்கட்டும்."

மறுநாள் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். படுத்துக் கிடந்து கிணுங்கல் மெலிவதைக் கேட்கிற பயம், கூட நடக்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளி விடுமுறை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சாக்கை என் தலையிலும் போர்த்தினாள்.

இருட்டு முழுசாகவும் இல்லை, விடியலும் இல்லை. நாய் முன்னால். அதன் கழுத்திலிருந்து டியூப் வார் அம்மாவின் கைக்கு வந்தது. வாரின் மிச்சத்தை அம்மாவுக்குப் பின்னால் நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். டோர்ச் வெளிச்சம் ஒரு சோற்றுத் தட்டு அளவு. மரத்தில் கட்டிய பால் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் சொட்டியது. மணி மட்டும் கிண் கிண் என்று முன்னால் போனது. தனக்குக் கேட்காத மணியை எங்களுக்காகக் கட்டிக்கொண்டு அது நடந்தது. எங்கள் மூச்சு அந்த மணியில்தான் தொங்கியது.

மூன்றாம் மலைக்குத் திரும்புகிற வளைவில் மணி நின்றது.

அம்மா நின்றாள். நான் அவள் முதுகில் முட்டி நின்றேன். டோர்ச் வெளிச்சம் நாயின் பின்னங்காலில் விழுந்து, முதுகில் ஏறி, அதன் மூக்குக்கு முன்னால் இறங்கியது. சருகு. வெறும் றப்பர்ச் சருகு, பழுப்பும் கறுப்புமாக, தாறுமாறாக. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சருகுகள் ஒழுங்காக இருந்தன. ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துச் சுருட்டி வைத்தது போல. பிறகு அந்த ஒழுங்கு மூச்சு விட்டது.

சீறல் என்று சொல்கிறோம். அது அந்த வார்த்தைக்குள் அடங்காது. ஸ்டோரில் கொதிகலனின் ஆவியைத் திறந்துவிட்டது போல, நீளமாக, இடைவிடாமல். என் கால் வழியே சூடாக ஏதோ இறங்கியது. அம்மாவின் வாயிலிருந்து நாய்க்கு ஒரு சொல்லும் போகவில்லை. போய் என்ன பயன்? அவள் வாரை மெல்ல, விரல் விரலாக, தன் பக்கம் இழுத்தாள்.

நான் நினைத்தேன், வீரன், பாயும். வாளிக்கு அசையாதது, வெடிக்கு அசையாதது, இதற்கா அசையும்? வாரை என் முழங்கையில் சுற்றிக்கொண்டு, அறுந்துவிடாதே என்று அதனிடமே கெஞ்சினேன்.

அப்போதுதான் அது என் கைக்கு வந்தது. வார் வழியாக. மெல்லிய, விடாத ஒரு அதிர்வு. மழையில் நனைந்த கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் இருக்குமே, அப்படி. நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. வால் காலுக்குள் போயிருந்தது. காதை மண்டையோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றைத் தரையில் தேய்த்தபடி, ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம், பின்னால் வந்தது. அம்மாவின் பாதத்தை வந்து முட்டியது. அவளையும் பின்னால் தள்ளியது. அவள் என்னைத் தள்ளினாள். அப்படியே மூன்று பேரும் ஒரு வாரில் கோர்த்து, முதுகு காட்டாமல், வளைவுக்கு இந்தப் பக்கம் வந்தோம்.

வெளிச்சம் வரும்வரை அங்கேயே நின்றோம். அந்தப் பூச்சி எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு, "வா, இன்னைக்குக் கூலிக்குப் பேர் விழணும்ல," என்று முதல் மரத்துக்குப் போனாள். அவள் வெட்டிய கோட்டில் பால் கொஞ்சம் கோணலாக இறங்கியது.

அம்மா மலையில் இரண்டு பேரிடம் சொன்ன செய்தி அப்பாவிடம் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. சாயங்காலம் அவர் வாசலில் நின்று யார் யாரையோ கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நாய் குறுக்கே நின்றதாம், பொலங்கா பார்த்ததும் ஓடிவிட்டதாம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? பயம் தெரியாத குட்டி. வாளியத் தட்டுனப்பவே தெரிஞ்சு போச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை பலமாக இருமினாள்.

"என்னா புள்ள, நான் சொன்னது சரியா இல்லியா?"

"சரிதாங்க," என்றாள் அம்மா.

அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. அவள் உள்ளங்கை அதன் முதுகில் இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அந்தக் கையும் அந்த முதுகும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. நான் கிட்டப் போய் என் கையையும் மேலே வைத்தேன். எது நாயின் நடுக்கம், எது அம்மாவுடையது, எது என்னுடையது என்று அன்று பிரிக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.